காற்று போனாலும் ஓடும் டயர்

பிப்ரவரி 2, வெள்ளி

கோவையில் டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் மாட்டி, பேனா முனையால் மூன்று இடங்களைத் தொட்டுக் காட்டினார். சம்பூரணத்தின் முதுகெலும்பு. ஆறு வருடத்துக்கு முன் மார்பில் வந்து, அறுத்தெடுத்து, போய்விட்டது என்று நாங்கள் நம்பியிருந்தது அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது. பத்து நாள் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும். வைத்தால் நோய் தீராது, வலி அடங்கும், எழுந்து நடமாடலாம். வைக்காவிட்டால் எலும்பு நொறுங்கிக் கால் விளங்காமல் போகலாம். இதையெல்லாம் அவர் என்னிடம் சொல்லாமல் நேராக அவளிடமே சொன்னார். அவள் "சரீங்க" என்றாள், காய்கறிக்காரரிடம் சொல்வது மாதிரி.

பக்கத்தில் அறை எடுத்துத் தங்கலாமே என்று நர்ஸ் கேட்டார். சம்பூரணம் ஒப்பவில்லை. "என்ற கட்டிலும் என்ற பாத்ரூமும் இல்லீன்னா எனக்கு ஆகாதுங்க." அது உண்மைதான். வீட்டில் அவளுக்காகச் சுவரில் கைப்பிடிக் கம்பிகள் பதித்திருக்கிறேன். மகள் கோகிலா மஸ்கட்டிலிருந்து மார்ச்சில்தான் வர முடியும். ஆக தினமும் தாராபுரத்திலிருந்து கோவை எண்பத்திரண்டு கிலோமீட்டர், திரும்ப எண்பத்திரண்டு. நான்தான் ஓட்ட வேண்டும். வாடகைக் காரில் ஏற்ற மாட்டேன். வாடகைக் காரின் டயரை யார் பார்த்தது?

வீட்டுக்கு வந்ததும் எங்கள் கார் டயர்களை அளந்தேன். பின் இரண்டும் பரவாயில்லை. முன் இரண்டும் தேய்ந்து, பள்ளத்தின் ஆழம் ஒன்று புள்ளி ஏழு மில்லிமீட்டரில் நிற்கிறது. சட்டம் ஒன்று புள்ளி ஆறு வரை விடும். எடை அளவு ஆய்வாளராக முப்பத்தொரு வருடம் சந்தை சந்தையாகத் தராசுக்கு முத்திரை போட்டவன் நான். கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும் எதையும் பாஸ் போட்டதில்லை.

பிப்ரவரி 3, சனி

காலையில் ஜபருல்லாவின் டயர் கடைக்குப் போனேன். உடுமலை ரோட்டில் இருக்கிறது. ஆள் நாற்பது வயதிருப்பான், நேராகப் பேசுவான், அதனால் அவனோடு எனக்கு ஒத்துப்போகும்.

"முன்னாடி ரெண்டுக்கும் அதே ரன்ஃப்ளாட்டே போடணுமா சார்?" என்றான்.

"அதேதான்."

"ஏன் கேக்கறேன்னா, நாலையும் கழட்டிட்டு சாதா டயர் போட்டுக்கலாம். பாதி விலை, எந்த ஊர்லயும் கெடைக்கும், பஞ்சர் ஆனா ஒட்டிக்கலாம். இது ஒருவாட்டி காத்தில்லாம ஓடுச்சுன்னா அப்பறம் தூக்கித்தான் போடணும்."

"காத்தில்லாம ஓடும்ல? அது போதும்."

பிற்பாடு படிக்கிறபோது எனக்கே நினைவிருக்கட்டும் என்று எழுதுகிறேன். ரன்ஃப்ளாட் டயரின் பக்கவாட்டு ரப்பர் கனமானது. ஆணி ஏறிக் காற்று முழுவதும் போய்விட்டாலும் அந்த ரப்பரே வண்டியைத் தாங்கும். எண்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல், எண்பது கிலோமீட்டர் தூரம் ஓட்டலாம். இறங்க வேண்டாம், ஜாக்கி வேண்டாம். அதனால் என் காரின் டிக்கியில் ஸ்டெப்னியே கிடையாது. எங்களுக்கு வேண்டியது எண்பத்திரண்டு. மிச்சம் இரண்டு கிலோமீட்டரைத் தள்ளிக்கொண்டு போனாலும் போய்ச் சேர்ந்துவிடலாம்.

இந்தப் பழைய ஜெர்மன் காரை நான் வாங்கியதே டயருக்காகத்தான். திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர் ஒருவர் பத்து வருடம் ஓட்டிக் கழித்த வண்டி. ரிட்டையரான ஆபீசருக்கு வந்த வாழ்வைப் பாருங்கள் என்று தெருவே கிண்டல் செய்தது. செய்துவிட்டுப் போகட்டும்.

நான்கு வருடத்துக்கு முன், தை மாதம், என் தம்பி சென்னியப்பன் காலை ஆறு மணிக்கு நெஞ்சைத் தடவிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். அடுத்த தெருவில்தான் அவன் குடியிருந்தது. எட்டு மணிக்கு உள்ளூர் டாக்டரிடம் காட்டினோம். ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காமல் உடனே கோவைக்குக் கொண்டு போங்கள் என்றார். எட்டு இருபதுக்குப் பழைய காரில் கிளம்பினோம். வழியில் குண்டடம் என்கிற ஊரைத் தாண்டியதும் பின் டயர் வெடித்தது. சக்கரத்து நட்டு ஒன்று அசையவில்லை, எவனோ மெஷின் வைத்து முடுக்கியிருக்கிறான். முப்பத்தெட்டு நிமிடம். மாற்றி முடித்து நிமிர்ந்தபோது, பின் சீட்டில் அவன் தலையை மடியில் வைத்தபடி சம்பூரணம் என்னைப் பார்த்தாள். அதற்கு மேல் கோவைக்குப் போக வேண்டியிருக்கவில்லை.

டயர்தான் அவனைக் கொன்றது. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

கோவையிலிருந்து டயர் வர வியாழக்கிழமை ஆகும் என்றான் ஜபருல்லா. அதுவரை இருப்பதை வைத்துக்கொண்டு மெதுவாக ஓட்டச் சொன்னான்.

பிப்ரவரி 4, ஞாயிறு

காரைக் கழுவினேன். நாலு டயருக்கும் காற்று பார்த்தேன், சரியாக இருக்கிறது. பின் சீட்டில் இரண்டு தலையணை, ஒரு பழைய துண்டு, தண்ணீர் பாட்டில். சம்பூரணம் சமையல் செய்ய முடியாததற்காக வருத்தப்பட்டாள். நான் வைத்த ரசத்தைக் குடித்த பிறகு இன்னும் கொஞ்சம் வருத்தப்பட்டாள்.

பிப்ரவரி 5, திங்கள்

முதல் நாள். எட்டரைக்குக் கிளம்பி பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். கரண்டு வைக்க எட்டு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்கு நான்கு மணி நேரப் பயணம். பின் சீட்டில் இடது பக்கம் சாய்ந்து படுத்திருந்தாள். வழியெல்லாம் துண்டை வாயில் வைத்திருந்தாள். குமட்டுகிறதோ என்று கேட்டேன், தலையை மட்டும் ஆட்டினாள். எலுமிச்சம்பழம் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். முகர்ந்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

பல்லடத்துக்கு முன் ரோடு வேலை நடக்கிறது. மெதுவாகத்தான் போனேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

இரண்டாவது நாள். போனோம், வந்தோம்.

துணி துவைக்கும்போது பார்த்தேன், அவள் துண்டின் ஒரு முனை கந்தலாகக் குதறிக் கிடக்கிறது. வீட்டில் எலி புகுந்திருக்கிறது. பரணிலிருந்து எலிப்பொறியை எடுத்து, தேங்காய்ச் சில்லு வைத்து, துணிக் கூடைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

பிப்ரவரி 7, புதன்

பொறியில் ஒன்றும் விழவில்லை. தேங்காய்ச் சில்லை எறும்பு தின்றது.

மூன்றாவது நாள். திரும்பி வந்து காரை நிறுத்தியதும் அவள் இறங்கவில்லை. கதவைத் திறந்து நின்றேன்.

"ஏனுங்க, இதோட போதுங்க."

"என்ன போதும்?"

"கரண்டு. நாளைக்கு நான் வரலீங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பத்துக்கு மூணு வைத்துவிட்டு நிறுத்தினால் பாதிக் கிணறு தாண்டின மாதிரி ஆகாதா, டாக்டரம்மா சொன்னது காதில் விழவில்லையா, கால் விளங்காமல் போனால் யார் பார்ப்பது என்று கத்தினேன். கடைசியில் சொன்னது தப்பு. சொல்லி முடித்ததுமே தெரிந்தது. அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். எட்டுப் படிக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. கரண்டு வைத்தால் முதல் சில நாள் வலி கூடத்தான் செய்யும் என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தில் போட்டிருக்கிறது. அதுதான் காரணமாக இருக்கும்.

பிப்ரவரி 8, வியாழன்

அவள் எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன், அதட்டிப் பார்த்தேன். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். நாற்பத்தோரு வருடத்தில் இவ்வளவு பிடிவாதம் அவளிடம் பார்த்ததில்லை.

ஒன்பதரைக்கு டாக்டரம்மாவே போன் செய்தார். இடையில் விடுவது நல்லதில்லை, அதிகபட்சம் திங்கட்கிழமைக்குள் வந்துவிட வேண்டும் என்றார். பிறகு ஒன்று கேட்டார்.

"பயணம் அவங்களுக்குத் தாங்குதா? எந்த மாதிரி வண்டியில கூட்டிட்டு வர்றீங்க?"

"நல்ல வண்டிங்க. ஜெர்மன் வண்டி."

"சீட்டுல எப்படி இருக்காங்கன்னு பாருங்க. எலும்பு அந்த நெலமையில இருக்கறப்ப சின்ன அதிர்ச்சிகூடக் கத்தி குத்தற மாதிரி இருக்கும்."

பதினொரு மணிக்கு டயர் வந்துவிட்டது என்று ஜபருல்லா கூப்பிட்டான். பக்கத்து வீட்டு அம்மாவை உட்கார வைத்துவிட்டுப் போனேன். புது டயர்கள் இரண்டும் கடை வாசலில் கறுப்பாகப் பளபளத்துக்கொண்டு நின்றன. மாட்டு என்றேன். அவன் மாட்டவில்லை.

"அம்மாவுக்கு எப்படி இருக்கு சார்?"

வர மாட்டேன் என்கிறாள் என்று சொன்னேன். முதுகெலும்பு என்பதையும் சொன்னேன். இதை முதல் நாளே அவனிடம் சொல்லவில்லை. டயர் கடையில் எதற்கு என்று விட்டிருந்தேன். அவன் முகம் மாறிவிட்டது.

"சார், தப்பா நெனைக்காதீங்க. நீங்க டிரைவர் சீட்ல உக்காந்து ஓட்டறீங்க. ஒருவாட்டி அம்மா படுக்கற எடத்துல படுங்க. நான் ஓட்டறேன்."

எனக்கு அது அதிகப்பிரசங்கித்தனமாகப் பட்டது. ஆனாலும் அளவு பார்க்கிறேன் என்று ஒருவர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லை. ஏறி, இடது பக்கம் தலையணையில் சாய்ந்து படுத்தேன். அமராவதிப் பாலத்தின் மேல் போனான். பாலத்தில் இத்தனை இணைப்புகள் இருப்பது எனக்கு இன்றுதான் தெரியும். ஒவ்வொன்றும் சீட்டின் வழியாக இடுப்பில் வந்து இடித்தது. பிறகு ஒரு வேகத்தடை. எனக்கு நல்ல முதுகு. அதற்கே பல்லைக் கடித்தேன். பல்லைக் கடித்தபோது துண்டு ஞாபகம் வந்தது.

"காத்தைக் கொஞ்சம் கொறச்சா மெதுவா இருக்காதா?" என்று படுத்தபடியே கேட்டேன்.

"காத்து கொறச்சா நடக்காது சார். பக்கத்து ரப்பரே கனம். காத்தே இல்லாம வண்டியத் தூக்கற ரப்பர், காத்து இருக்கறப்ப எப்படிக் குனியும்?"

வீட்டுக்கு வந்தேன். எலிப்பொறியை எடுத்துப் பரணில் போட்டேன். துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எலி இல்லை.

அப்படியும் டயரை மாற்றச் சொல்லிவிட்டு வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தேன். சாதா டயர் போட்டு வழியில் பஞ்சரானால்? அவளைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு நட்டோடு மல்லுக்கட்டுவேனா? ஒரு தட்டில் தினம் நான்கு மணி நேரம் அவள் படுகிற பாடு. இன்னொரு தட்டில் எப்போதோ வரலாம், வராமலும் போகலாம் என்கிற ஒரு ஆணி. எந்தச் சந்தையில் எந்தத் தராசில் வைத்தாலும் முதல் தட்டுதான் இறங்கும். என் கண்ணுக்கு முன்னால் அது இறங்கவில்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

மத்தியானம் கஞ்சி கொடுத்துவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். துண்டைக் காட்டி, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நானே பேசினேன். சாதா டயர் போட்டால் மெத்தென்று இருக்கும், ஆனால் வழியில் நின்றுபோனால் என்ன செய்வது, சென்னியப்பனுக்கு ஆனது உனக்குத் தெரியாதா, நீதானே பின் சீட்டில் இருந்தாய் என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, ஒண்ணு சொல்றன். கோவிச்சுக்காம கேக்கோணும்."

"சொல்லு."

"தம்பி, டயரு வெடிக்கறதுக்கு முன்னாலயே போயிட்டாருங்க."

எனக்குப் புரியவில்லை. மறுபடி சொல்லச் சொன்னேன்.

"குண்டடம் வாரதுக்கு முன்னால பெரிய பெரிய காத்தாடியா நிக்குமில்லீங்க, அங்க வாரப்பவே. என்ற கையப் புடிச்சிருந்தாரு. புடி விட்டுப்போச்சு. மூக்குல கை வெச்சுப் பாத்தன். உங்ககிட்டச் சொல்றதுக்கு எனக்கு வாயே வருலீங்க. ஊரும் தாண்டிட்டம். இப்பச் சொல்லீரலாம்னு வாயெடுக்கறன், டமார்னு வெடிச்சுப்போச்சு. நீங்க எறங்கி ஓடிட்டீங்க."

"அப்பவே ஏம்புள்ள சொல்லல?"

"ரோட்டுல மண்டி போட்டு அந்த நட்டோட நீங்க பட்ட பாடு! கையெல்லாம் ரத்தம். நிறுத்திக்குங்க, இனி வேண்டாமுன்னு எப்படீங்க சொல்றது?"

"அன்னைக்குச் சொல்லல, சரி. அப்பறம்? நாலு வருசம்?"

அவளுக்கு மூச்சு வாங்கியது.

"எழவுக்கு வந்தவங்க அத்தனை பேர்த்துகிட்டயும் டயருனால போச்சு, டயருனால போச்சுன்னு சொன்னீங்க. அது இல்லீன்னா நீங்க வேற எதைச் சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க. அதைச் சொல்லிட்டு உங்களால இருக்க முடியாது. பழி டயரு மேலயே இருக்கட்டும்னு உட்டுட்டன். அதுக்குத்தானுங்க இந்தக் கல்லு டயருல நாலு வருசமா வாயைத் தொறக்காம வந்தன். இப்ப முடியிலீங்க."

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். கார் நிறுத்தும் கூரைக்கு அடியில் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மூன்று மணி மாத்திரையை மூன்றரைக்குத்தான் கொடுத்தேன்.

சனிக்கிழமை நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஆறு மணிக்குத் தம்பி வந்தான், எட்டு மணிக்கு டாக்டரிடம் காட்டினோம் என்று எழுதியிருக்கிறேன். இடையில் இரண்டு மணி நேரம் இருக்கிறது. இன்று எழுதிவிடுகிறேன்.

வாயுத் தொந்தரவு என்று சொன்னேன். முந்தின நாள் கல்யாண வீட்டில் அவன் வளைத்துக் கட்டியதை வைத்துக் கேலி செய்தேன். ஓமத் தண்ணீர் கொதிக்க வைத்துக் கொடுத்தேன், அது கேட்காமல் மறுபடியும் கொடுத்தேன். "டாக்டரைப் பாத்துட்டு வந்தரலாமுங்க" என்று சம்பூரணம் இரண்டு தரம் சொன்னாள். ஏப்பம் விட்டால் சரியாகிவிடும், நீ உன் வேலையைப் பார் என்றேன். அவன் என்னை நம்பினான். அண்ணன் சொன்னால் அவனுக்கு அதுதான். ஏழே முக்காலுக்கு வியர்த்துக் கொட்டிய பிறகுதான் சட்டையை மாட்டினேன்.

தம்பியை டயர் கொல்லவில்லை.

பிப்ரவரி 10, சனி

தராசைச் சோதிக்கப் போனால் முதலில் எடைக்கல்லைத் தொட மாட்டோம். இரண்டு தட்டையும் காலியாக விட்டு, முள் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்போம். தட்டுக்கு அடியில் புளி ஒட்டிவைத்திருந்த வியாபாரிகளை எத்தனை பேரைப் பிடித்திருக்கிறேன். என் தட்டுக்கு அடியில் ஒட்டியிருந்ததை நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்று எழுதுவதும் பொய். கை வைத்தால் ஒட்டும் என்று தெரிந்துதான் தொடாமல் இருந்தேன்.

காலை எட்டு மணிக்கே ஜபருல்லா கடைக்குப் போய், நாலும் சாதா டயர், அதோடு ஒரு ஸ்டெப்னி என்றேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை. புது ரன்ஃப்ளாட் இரண்டையும் கோவைக்கே திருப்பி அனுப்பிவிடுவதாகச் சொன்னான்.

"ஆனா சார், இனிமே பஞ்சர் ஆச்சுன்னா நின்னுதான் ஆகணும். அம்மாவைக் கீழ எறக்கிட்டுத்தான் ஜாக்கி வைக்கணும். அதையும் சொல்லிடறேன்."

"தெரியும். மெஷின் வெச்சு முடுக்காத. கையாலயே முடுக்கு. எப்படிக் கழட்டறதுன்னு எனக்குக் காட்டு."

இந்தக் காரில் நட்டு இல்லை, ஒரு சக்கரத்துக்கு ஐந்து போல்ட். அவன் கடை வாசலிலேயே மூன்று தடவை கழற்றி மாட்டினேன். முதல் தடவை நாற்பத்தொரு நிமிடம், அடுத்து முப்பது, அடுத்து இருபத்து நான்கு. அறுபத்தாறு வயதில் தரையில் உட்கார்ந்து எழுவதற்கே பாதி நேரம் போய்விடுகிறது. டீ குடிக்க வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நாலாவது தடவைக்கு ஜபருல்லா விடவில்லை, கையைக் கழுவச் சொல்லிவிட்டான்.

டிக்கியில் ஸ்டெப்னி படுக்க இடமில்லை. குறுக்கே வைத்துக் கயிறு போட்டுக் கட்டினோம். பக்கத்தில் ஜாக்கி, நீளமான ஸ்பேனர், ஒரு பிளாஸ்டிக் சேர்.

சாயங்காலம் சம்பூரணத்திடம் சொன்னேன். "நாலையும் மாத்திட்டேன். திங்கக்கிழமை ஒருதரம் வந்து பாரு. வலிச்சா பாதியில திருப்பிக்கலாம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"ஸ்டெப்னி இருக்குதுங்களா?"

"இருக்கு."

"அப்பச் சரீங்க."

பிப்ரவரி 11, ஞாயிறு

சென்னியப்பன் படத்தைத் துடைத்து மாட்டினேன். அவனிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். இங்கே எழுதவில்லை.

பிப்ரவரி 12, திங்கள்

நாலாவது நாள். பாலத்தில் ஏறும்போது கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். வேகத்தடையில் பார்த்தேன். ரோடு வேலை நடக்கும் இடத்தில் பார்த்தேன். வலிக்கவே இல்லை என்று சொல்ல முடியாது, இரண்டு இடத்தில் முகத்தைச் சுளித்தாள். பல்லடம் தாண்டியதும் தூங்கிவிட்டாள். அவள் காரில் தூங்கி நான் பார்த்து நான்கு வருடமாயிற்று. எனக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. ஓரமாக நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டினேன்.

துண்டு நனையவில்லை.

பிப்ரவரி 14, புதன்

ஆறாவது முடிந்தது. குண்டடத்தைத் தாண்டும்போது இரண்டு கையும் ஸ்டியரிங்கில் வியர்த்துவிடுகிறது. ரோட்டில் கிடக்கிற ஒவ்வொரு இரும்புத் துண்டும் என் கண்ணில் படுகிறது. சம்பூரணத்துக்கு இது தெரிந்திருக்கிறது. அந்த இடம் வரும்போதெல்லாம் ஏதாவது பேச்சுக் கொடுக்கிறாள். இன்று புளிக்குழம்புக்கு எப்போது வெல்லம் போடுவது என்று குண்டடம் முடியும் வரை சொல்லிக்கொண்டு வந்தாள்.

பிப்ரவரி 16, வெள்ளி

எட்டாவது. வலி குறைந்திருக்கிறது என்று அவளாகவே டாக்டரம்மாவிடம் சொன்னாள். நர்ஸ் பிடிக்காமல் நாலடி நடந்தாள். இது நோயைக் குணமாக்கிவிடாது என்று டாக்டரம்மா மறுபடி நினைவுபடுத்தினார். தெரியும். பத்தும் முடிந்தால் போதும் என்றுதான் இப்போது இருக்கிறது.

பிப்ரவரி 18, ஞாயிறு

புளிக்குழம்பு வைத்தேன். வெல்லம் சரியாக இருந்ததாம். உப்பு இல்லையாம்.

பிப்ரவரி 20, செவ்வாய்

பத்தாவது முடிந்தது. ஐம்பது நிமிடம் தாமதமாகப் போனோம். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, காத்திருந்து வைத்து அனுப்பினார்கள். ஏன் தாமதம் என்பதை எழுத வேண்டும்.

பல்லடம் தாண்டி நாலைந்து கிலோமீட்டரில் வண்டி இடது பக்கம் இழுத்தது. முதலில் ரோடுதான் என்று நினைத்தேன். நினைக்க ஆசைப்பட்டேன். பிறகு அந்தச் சத்தம் கேட்டது. ஒருமுறை கேட்டவனுக்கு மறக்காத சத்தம். ஓரமாக வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். இடது முன் சக்கரம் தரையோடு படிந்திருந்தது. கட்டைவிரல் நீளத்துக்கு ஆணி.

கதவைத் திறந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"பஞ்சருங்களா?"

"ஆமா."

"சேரை எடுங்க. எறங்கறன்."

என் கையைப் பிடித்து இறங்கி, ஆறேழு அடி நடந்து, மரத்தடியில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தாள். இரண்டு வாரத்துக்கு முன் முடியாத காரியம். தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டாள். நான் ஸ்டெப்னியை அவிழ்த்து உருட்டி வந்து, ஸ்பேனரோடு மண்டி போட்டேன். சேர் எனக்கு நேர் பின்னால் இருந்தது.

அங்கேயே நின்றுவிட்டேன். கடை வாசலில் மூன்று தடவை செய்த வேலை. கை போல்ட்டுக்குப் போகவில்லை. குனிந்து வேலை பார்க்கும் நேரத்தில் முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கும் தெரியாது. திரும்பிப் பார்த்துக்கொண்டே வேலை செய்ய முடியாது. திரும்பிப் பார்க்கப் பயமாகவும் இருந்தது. இதை வாழ்க்கையில் யாரிடமும் நான் சொன்னதில்லை, எனக்குப் பயமாக இருந்தது.

"சம்பூரணம்," என்றேன், திரும்பாமல்.

"இருக்கறனுங்க."

முதல் போல்ட்டை இளக்கினேன். இரண்டாவதில் ஸ்பேனரை மாட்டினேன்.

"சம்பூரணம்?"

"இருக்கறனுங்க. பாத்து, கையில பட்டுக்கப் போகுது."

மூன்றாவது அசையவில்லை. ஜபருல்லா கையால் முடுக்கியதுதான், ஆனாலும் அசையவில்லை. அழுத்தினேன். எழுந்து ஸ்பேனர் மேல் காலை வைத்து ஏறி நின்று அழுத்தினேன். "சம்பூரணம்?" என்று கேட்டேன். அந்த நேரம் பார்த்துக் கோழி லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பதில் காதில் விழவில்லை. மறுபடி கத்தினேன்.

"இருக்கறனுங்க! லாரிச் சத்தத்துல உங்களுக்குக் கேக்குல. மெதுவாவே பண்ணுங்க, ஓடறதுக்கு ஒண்ணுமில்ல."

போல்ட் கிறீச்சென்று இளகியது. நாலாவதற்கும் கேட்டேன், அவளும் சொன்னாள்.

ஐந்தாவதற்கு நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.